ஒரே போனில் ஐந்து பேர்

மக்கா,

அன்றைக்கு உன் கல்லூரி முதல்வரின் அறையில் நான் சொல்லாமல் விட்டது பெரிய பேச்சொன்றும் இல்லை. "அந்தப் பட்டியலைக் கொடுத்தது நான்தான் சார்." அவ்வளவுதான். சொல்லி முடிக்க மூன்று நொடி ஆகியிருக்காது. நீ மற்ற நான்கு பேருடன் சுவரோரம் நின்றுகொண்டிருந்தாய். பெற்றோருக்காகப் போட்டிருந்த நாற்காலிகளில் இரண்டாவதில், கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்தேன். முதல்வர் என் பக்கம் திரும்பி, "நீங்க படிச்சவங்க, நீங்களே சொல்லுங்க, இது சரியா?" என்று கேட்டார். நான் தலையை அசைத்தேன். சரி என்றா தவறு என்றா என்று எனக்கே விளங்காத ஓர் அசைவு. நீ அதைப் பார்த்தாய். பார்த்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

ஞாயிற்றுக்கிழமை நீ பெங்களூருக்கு ரயில் ஏறுகிறாய். முதல் வேலை. இணையத்தில் பாடம் நடத்தும் ஒரு நிறுவனம்; மாணவர்கள் வீடியோவை எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள், எந்தக் கேள்வியோடு விட்டுப் போகிறார்கள் என்று பார்த்துச் சொல்லும் பிரிவு. அதை நீ விளக்கியபோது நான் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். துருவுவதை நிறுத்தாமல் "நல்ல வேலைதான்" என்றேன். அதற்கு மேலும் சொல்ல இருந்தது. எனக்கு எதுவும் நேரில் வராது என்பது உனக்குத் தெரியும். கல்யாணத்துக்குச் சம்மதம் என்பதைக் கூட உன் அப்பாவிடம் ஒரு தாளில் எழுதித்தான் கொடுத்தேன். ஆசிரியர்களுக்கான ஒரு சின்னப் பத்திரிகை கலப்பு முறைக் கற்றலைப் பற்றி என்னிடம் கட்டுரை கேட்டிருந்தது. இரண்டு வாரமாக எழுதுவதும் அழிப்பதுமாக இருந்தேன்; கடைசியில் கையிலிருந்து வந்தது இந்தக் கடிதம். பிறர் வாசிக்கலாமா என்று உன்னிடம் கேட்டேன். "பேரு மட்டும் மாத்திப் போடு, மத்தத ஒக்க அப்படியே எழுது" என்றாய். அதனால் எழுதுகிறேன்.

உனக்கும் எனக்கும் பத்தொன்பது வயதுதான் வித்தியாசம். மார்த்தாண்டம் பஸ்ஸில் யாராவது என்னை உன் அக்கா என்று நினைத்துவிட்டால் அன்று முழுவதும் நீ என்னைக் கேலி செய்வாய். கல்யாணமான மூன்றாம் மாதமே உன் அப்பா மஸ்கட்டுக்குப் போய்விட்டார். நீ பிறந்து ஏழு மாதத்தில் நான் தபால் வழிப் பட்டப்படிப்பில் சேர்ந்தேன். சனி, ஞாயிறுகளில் நாகர்கோவிலில் நேர்முக வகுப்பு. உன்னைக் கடைசி பெஞ்சில் என் சேலையை மடித்துப் போட்டுத் தூங்க வைத்துவிட்டுக் குறிப்பெடுப்பேன். நீ அழுதால் வெளியே போய்விடுவேன். அந்தப் பக்கம் மட்டும் என் நோட்டில் வெறுமையாக இருக்கும். பிறகு வீட்டுக்கு வந்து, தபாலில் வந்த புத்தகத்தை வைத்து அந்த வெறுமையை நிரப்புவேன். பட்டம், முதுகலை, கல்வியியல் எல்லாம் அப்படித்தான். வகுப்பறைக்கு வெளியே நின்று படிக்கிறவர்களைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வேண்டும் என்று எனக்குத் தோன்றியதில் ஆச்சரியம் இல்லை. ஆனால், வெளியே நின்று படித்தவள் என்பதாலேயே வெளியே நிற்கிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும் என்று நினைத்துக்கொண்டேன். அது என் முதல் தவறு.

பெருந்தொற்றுக் காலத்தில் நான் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்திருந்தேன். உனக்குப் பத்தாம் வகுப்பு. வீட்டில் ஒரே போன். காலையில் உனக்கு வகுப்பு, மத்தியானம் எனக்கு. உன் வகுப்பு முடிந்த பிறகும் நீ எழுந்து போகமாட்டாய்; இயர்போனில் ஒரு பக்கத்தை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டு என் ஆய்வு முறையியல் வகுப்பைக் கேட்பாய். ஒருநாள் பேராசிரியர் ஒரு மாதிரி வினாத்தாளைக் காட்டிக்கொண்டிருந்தார். நீ என் முழங்கையை இடித்து, "ம்மா, இதுல ஆம், இல்லைன்னு ரெண்டுதான் இருக்கு. ரெண்டும் இல்லாதவன் எங்க போய் டிக் போடுவான்?" என்று கேட்டாய். நான் அதையே என் கேள்வியாகத் தட்டச்சு செய்து அனுப்பினேன். "மிக நல்ல கேள்வி" என்று அவர் என் பெயரைச் சொல்லிப் பாராட்டினார். உனக்குக் கூலியாக ஒரு முட்டை பப்ஸ் கேட்டாய், கடைகள் திறந்த பிறகு வாங்கியும் கொடுத்தேன். அந்த வகுப்புகளில் எந்த வருகைப் பதிவிலும் உன் பெயர் கிடையாது. ஆனால் அங்கே கற்றவர்கள் இரண்டு பேர். இதை அப்போதே யோசித்திருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது.

நீ கல்லூரியில் இரண்டாம் ஆண்டுக்கு வந்தபோது என் ஆய்வு பாதியைத் தாண்டியிருந்தது. உன் கல்லூரியில் அந்த ஆண்டு புள்ளியியல் பாடத்தைக் கலப்பு முறைக்கு மாற்றினார்கள். உனக்குத் தெரிந்ததுதான், வாசிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன்: வாரத்தில் இரண்டு நாள் வகுப்பறையில் பாடம், மற்ற மூன்று நாள் வீட்டிலிருந்தபடி கல்லூரியின் போர்ட்டலில் வீடியோ பார்த்து, அதன் கீழே இருக்கும் பத்துக் கேள்விகளுக்குப் பதில் எழுத வேண்டும். அந்த மதிப்பெண் அகமதிப்பீட்டில் சேரும். அகமதிப்பீட்டில் தேறாதவர்கள் பருவத் தேர்வில் அந்தத் தாளை எழுத முடியாது. மற்ற பாடங்களுக்கு மத்தியானத்துக்கு மேல்தான் கல்லூரி. அந்தப் போர்ட்டலின் பதிவுகளை ஆய்வுக்குத் தர கல்லூரி ஒப்புக்கொண்டது. உன்னிடம் சொன்னபோது, "எனக்க காலேஜுல வச்சு என்னப் பாத்து சிரிக்கப்பிடாது" என்ற ஒரே நிபந்தனையோடு நீயும் ஒப்புக்கொண்டாய். பெயர்கள் கிடையாது, போர்ட்டலுக்குள் நுழைய உங்களுக்குக் கொடுத்திருந்த எண்கள் மட்டும். யார் என்று யாருக்கும் தெரியவராது என்று மாணவர்களிடம் கையெழுத்து வாங்கிய படிவத்தை நான்தான் தயாரித்தேன். உன் கையெழுத்தும் அதில் இருந்தது.

பதிவுகளை ஒழுங்கு செய்தபோது ஐந்து எண்கள் மட்டும் தனியாகத் தெரிந்தன. ஐந்தும் ஒரே போனிலிருந்து வந்தன. ஒரு எண் மட்டும் வீடியோவைத் திறந்திருக்கும். மற்ற நான்கும் வீடியோவைத் தொடாமலேயே கேள்விகளுக்குப் போகும். நான்கைந்து நிமிடத்தில் முடித்துவிடும். மதிப்பெண் எட்டு, ஒன்பது. கடைசியாக வரும் எண் பெரும்பாலும் பத்துக்குப் பத்து. சில நாட்களில் காலை எட்டு மணிக்கே வந்துவிடும், சில நாட்களில் பதினொன்றரைக்கு மேல்தான். ஒரு ஒழுங்கும் இல்லை. நான் அதைப் படித்த விதம் இது: ஒருவர் பார்க்கிறார், மற்றவர்கள் விடையை வாங்கிப் போடுகிறார்கள், கடைசியில் வருகிறவருக்கு எல்லா விடையும் கிடைத்துவிடுகிறது. "பிறர் வழி முடித்தவர்கள்" என்று அந்தக் கூட்டத்துக்குப் பெயர் வைத்தேன். என் நெறியாளருக்கு அது பிடித்திருந்தது. ஆய்வேட்டின் நான்காம் இயலே அதைச் சுற்றித்தான் என்று ஆகிவிட்டது.

இதை உன் கல்லூரியில் நடந்த ஒரு கூட்டத்தில் பேசினேன். கூட்டம் முடிந்ததும் கலப்பு முறை வகுப்புகளை ஒருங்கிணைக்கும் பேராசிரியை என்னைத் தனியாக அழைத்து, அந்த ஐந்து எண்களை மட்டும் கேட்டார். தண்டிக்க இல்லை, கூப்பிட்டு நல்ல வார்த்தை சொல்லத்தான் என்றார். எண்ணுக்கு உரிய பெயர் அவர்களிடம் இருந்தது, என்னிடம் இல்லை. கொடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். கையெழுத்து வாங்கிய படிவத்தில் அது தெளிவாகவே இருந்தது. ஆனால் அவர் நல்லவர், எனக்கு உதவியவர், அடுத்த பருவத்துப் பதிவுகளையும் அவரிடமிருந்துதான் நான் வாங்க வேண்டும். ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கொடுத்தேன். அந்தத் தாளை நான் வீட்டில் வைத்துத்தான் எழுதினேன், சாப்பாட்டு மேசையில். பக்கத்தில் நான்காம் இயலின் அச்சுப் பிரதி இருந்தது. நீ சோறு சாப்பிட உட்கார்ந்தபோது அதை ஓரமாகத் தள்ளி வைத்ததும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

பதினைந்து நாள் கழித்து, பெற்றோர் வர வேண்டும் என்று கல்லூரியிலிருந்து போன் வந்தது. போர்ட்டலில் ஏதோ முறைகேடு என்றார்கள். அறைக்குள் போய், உன்னோடு சேர்த்து ஐந்து பேர் நிற்பதைப் பார்த்த கணத்தில் எனக்குப் புரிந்துவிட்டது. ஒருங்கிணைப்பாளர் என்னைப் பார்த்தார். என்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு, பட்டியல் எங்கிருந்து வந்தது என்பதை அவரும் சொல்லவில்லை. "ஒரே போன்ல அஞ்சு பேரு எப்படி?" என்று முதல்வர் கேட்டார். "சேந்து படிச்சோம் சார்" என்றாய் நீ. "படிச்சீங்களா, காப்பியடிச்சீங்களா?" என்றார். அதற்குப் பிறகுதான் அவர் என்னிடம் கேட்டதும், நான் தலையை அசைத்ததும். ஐந்து பேருக்கும் அந்தத் தாளில் அகமதிப்பெண் ரத்து என்று முடிவானது.

மாடிப்படியில் இறங்கும்போது ஒரு பெண் என் கூடவே வந்தார். ஐந்து பேரில் ஒருத்தியான அபிஷாவின் அம்மா. பேச்சிப்பாறைக்கு மேலே ஒரு ரப்பர் எஸ்டேட்டில் மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கும் பால்வெட்டு வேலை. வெட்டு முடித்த கையோடு பஸ் பிடித்து வந்திருந்தார். காய்ந்த ரப்பர் பால் முழங்கை மயிரில் ஒட்டியிருந்தது. நான் யார் என்று அவருக்குத் தெரியாது. படித்தவள் என்று முதல்வர் சொன்னதைக் கேட்டிருந்தார், அவ்வளவுதான்.

"டீச்சரே, நீங்க ஒரு வார்த்த சொல்லியிருந்தா அவரு கேட்டிருப்பாரு. பால் அளக்குத கொட்டகையில பிள்ளையள் உக்காந்து படிக்குதத நான் தெனமும் பாக்குதேன். மழை இல்லன்னா எனக்க கூட வெட்டுக்கு வந்திட்டு, பாலும் எடுத்து ஊத்திட்டுத்தான் அவ போயி உக்காருவா. அது காப்பியா டீச்சரே?"

பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லி மிச்சப் படிகளை இறங்கினேன்.

குலசேகரம் போகும் பஸ்ஸில் நீ எனக்கு ஜன்னல் ஓரம் விட்டுவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாய். உன்னிடம் போனும் மிதிவண்டிக்குப் பதிலாக வாங்கிய பைக்கும் வீட்டில் வைஃபையும் இருந்தன. நீ ஏன் அந்த மலைக்குப் போனாய் என்று நான் கேட்டேன். அபிஷாவின் போன் உடைந்துவிட்டது, மற்ற மூன்று பேருக்கும் சொந்தமாகப் போன் இல்லை, அவர்கள் வீட்டில் சிக்னலும் வராது, கொட்டகையில் மட்டும் வரும், அதனால் உன் போனைக் கொண்டுபோனதாகச் சொன்னாய். தனியாகப் பார்த்தால் தூக்கம் வருகிறது, அங்கே போனால்தான் பாடம் மண்டையில் ஏறுகிறது என்றும் சொன்னாய். திருவட்டாறு தாண்டியதும், அந்தப் பட்டியலைப் பற்றி உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும் என்று ஆரம்பித்தேன். நீ என்னை முடிக்க விடவில்லை.

"தெரியும்மா. சாப்பாட்டு மேசையில வச்சு எனக்க நம்பரப் பாத்தேன். இன்னைக்கு நீ சொல்லுவன்னு நெனச்சேன்."

கோபத்தில் சொல்லவில்லை. என் பையை வாங்கி உன் மடியில் வைத்துக்கொண்டுதான் சொன்னாய். பதினைந்து நாளாக உனக்குத் தெரிந்திருக்கிறது. அத்தனை நாளும் என்னுடன் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறாய், நான் கேட்டால் தண்ணீர் எடுத்துத் தந்திருக்கிறாய். உன் அம்மா வாய் திறக்க ஒரு சந்தர்ப்பம் வரும் என்று காத்திருந்திருக்கிறாய். சந்தர்ப்பம் வந்தது. நான் தலையை அசைத்தேன்.

வீட்டுக்கு வந்ததும் பதிவுகளை மறுபடி திறந்தேன். அபிஷாவின் அம்மா சொன்ன ஒரு சொல் உள்ளே குத்திக்கொண்டே இருந்தது: மழை. உன் அப்பாவுக்குக் காலையில் நான் அனுப்பும் செய்தி எப்போதும் வானிலை அறிக்கை போலத்தான் இருக்கும். மஸ்கட்டில் இருப்பவருக்கு ஊரில் மழையா இல்லையா என்று தெரிந்தால்தான் காப்பி இறங்கும். அந்த அரட்டையில் "மழை" என்று தேடினேன். "இஞ்ச நல்ல மழை." "மழை விடல்ல." "காலையிலேயே மழை, துணி ஒண்ணும் காயாது." தேதிகளை எடுத்துப் பதிவுகளின் பக்கத்தில் வைத்தேன். அந்த ஐந்து எண்களும் எட்டு மணிக்கே வந்த நாட்கள் எல்லாம் மழை நாட்கள். மழையில் பால்வெட்டு கிடையாது, பால் தண்ணீரோடு ஓடிவிடும். மற்ற நாட்களில் வெட்டும் பால் எடுப்பும் முடிந்து, கொட்டகையில் அளந்து ஊற்றிய பிறகு, பதினொன்றரை. ஒழுங்கு இல்லை என்று நான் எழுதிய இடத்தில் அவ்வளவு ஒழுங்கு இருந்தது.

இங்கே உன்னிடம் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். உன் தாத்தாவைப் பற்றிக் கேட்டபோதெல்லாம் "எஸ்டேட்டில் வேலை" என்று சொல்லியிருக்கிறேன். அலுவலகத்தில் மேசை போட்டு உட்கார்ந்தவர் என்று நீ நினைத்துக்கொண்டாய், நான் திருத்தவில்லை. அவர் பால்வெட்டுக்காரர். மழை பெய்தால் வெட்டு கிடையாது என்பது எனக்கு எழுத்துத் தெரியும் முன்பே தெரியும். மழைக்காலைகளில் அப்பா வீட்டில் இருப்பார், என் தலையைச் சீவிவிடுவார், வகிடு கோணலாக வரும். அதையெல்லாம் வெளியே யாருக்கும் தெரியாதபடி மூடிவைத்துவிட்டுத்தான் நான் படித்தேன். மூடியதை நானே மறந்தும் போனேன். வெளியூரிலிருந்து வந்த ஆய்வாளர் ஒருவர் இந்தத் தவறைச் செய்திருந்தால் மன்னிக்கலாம்.

அடுத்த சனிக்கிழமை உன் பைக்கின் பின்னால் உட்கார்ந்து அந்தக் கொட்டகைக்கு வந்தேன். என்ன ஏது என்று நீ அவர்களிடம் சொல்லவில்லை, நானே சொன்னேன். நான்கு பேரும் உன்னைத் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு அபிஷாதான், "வந்தது வந்தாச்சு, இருங்க டீச்சரே, பாடம் நடக்கட்டு" என்று ஒரு கேனைக் கவிழ்த்துப் போட்டாள். மதிப்பெண் ரத்தான பிறகும் நீங்கள் பாடத்தை விட்டிருக்கவில்லை. போனை ஒரு பால் வாளியில் சாய்த்து வைத்தீர்கள். வீடியோவில் பேராசிரியர் மாதிரிக் கூறெடுப்பைப் பற்றி மெதுவாக, மிக மெதுவாகப் பேசினார்.

"ஏலே, வேகத்தக் கூட்டு. இவரு பேசி முடிக்கும்போ எனக்கு தாடி நரைச்சிரும்" என்றான் ரெஜின், உங்கள் ஐந்து பேரில் ஒருவன்.

"ஒனக்கு மொதல்ல தாடி வரட்டு" என்றாள் அபிஷா. ஐந்து நிமிடத்தில் அவளே நிறுத்தச் சொன்னாள். "இப்பம் இது ஆருக்கு வெளங்கல்ல?"

ரெஜின் கையைத் தூக்கினான். "அப்பம் நீதான் சொல்லணும்" என்றாள். அதுதான் உங்கள் சட்டம் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. விளங்காதவன்தான் எழுந்து விளக்க வேண்டும். அவன் தடுமாறும் இடத்தில் மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். அவன் முழுதாகச் சொல்லி முடிக்கும் வரை யாரும் கேள்விகளைத் திறக்கக் கூடாது. திறக்கும்போது நன்றாகத் தெரிந்தவர் முதலில், அவன் கடைசியில். ரெஜின் திக்கித் திணறினான். அபிஷா வெளியே மரங்களைக் காட்டி, எஸ்டேட்டில் எவ்வளவு பால் கிடைக்கும் என்று தெரிய எல்லா மரத்தையும் அளக்க வேண்டாம், வரிசைக்கு ஒன்று போதும், ஆனால் ரோட்டோரத்து வரிசையை மட்டும் எடுத்தால் கணக்குத் தப்பிப் போகும் என்றாள். "ஏன்?" என்று நீ சீண்டினாய். "அங்க வெயில் கூடுதல், பால் கொறவு. வீட்டுல சும்மா இருக்குதவனுக்கு இது தெரியாது" என்று உன்னைப் பார்த்துச் சொன்னாள். எல்லாரும் சிரித்தீர்கள். என் பட்டியலில் பத்துக்குப் பத்து வாங்கிய அந்தக் கடைசி எண், பெரும்பாலான நாள் பாடத்தை எல்லாருக்கும் சொல்லிக் காட்டிய ரெஜின்.

விடை சொல்லிக் கொடுத்ததே இல்லையா என்றும் கேட்டேன். ஆய்வாளர் புத்தி போகாது. அபிஷா யோசித்துவிட்டு, "ரெண்டு தடவ சொல்லிக் குடுத்தோம். பொய் சொல்லப்பிடாது. பஸ்ஸுக்கு நேரமாச்சு, அதுகொண்டு" என்றாள். அதையும் எழுதிக்கொண்டேன்.

திங்கட்கிழமை முதல்வரிடம் போய்ச் சொன்னேன். பட்டியல் என்னுடையது, அதைக் கொடுக்க எனக்கு உரிமை இல்லை, நான் படித்த விதமும் தவறு, ஐந்தில் ஒருவன் என் மகன், இப்போது அவனுக்காக மட்டும் வரவில்லை என்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அன்னைக்கே சொல்லியிருக்கலாமே மேடம். அன்னைக்கு சாயங்காலம்தான் மார்க் பட்டியலைப் பல்கலைக்கழகத்துக்கு ஏத்தினோம். இப்ப என் கையில இல்ல. எழுத்தா கொடுங்க, கமிட்டி வைக்கிறேன்." எழுத்தாகக் கொடுத்தேன். கமிட்டி கூடுவதற்குள் தேர்வு வந்து போய்விட்டது. அந்தத் தாளை ஐந்து பேரும் எழுத முடியவில்லை.

நான்காம் இயலை நீக்குகிறேன் என்று நெறியாளரிடம் சொன்னபோது, ஆய்வேடு ஒரு வருடமாவது தள்ளிப்போகும் என்று எச்சரித்தார். உன் அப்பா போனில், "போனா போவட்டு. இத்தன வருசம் படிச்சாச்சு, இன்னும் ஒரு வருசம் படிச்சா என்ன, ஆருக்கும் நஷ்டமில்ல" என்றார். யாருக்கும் நஷ்டமில்லை என்று சொன்னது மட்டும் சரியில்லை. ஆனால் அவர் என்னைத் தேற்றத்தான் சொன்னார். நான் இரண்டு பருவம் உட்கார்ந்து அந்த இயலைப் புதிதாக எழுதினேன். போர்ட்டல் பதிவில் ஒரு வரி என்ன சொல்கிறது, அந்த வரிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று பன்னிரண்டு மாணவர்களின் வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் போய்ப் பார்த்து எழுதினேன். பாதிக்கு மேல் நான் எதிர்பார்த்ததாக இல்லை. வாய்மொழித் தேர்வில், நான்காம் இயல் ஏன் மாறியது என்று கேட்டார்கள். நடந்ததைச் சொன்னேன். நீ கடைசி வரிசையில் உட்கார்ந்து கேட்டாய்.

பெங்களூரில் உன் முன்னால் தினமும் பட்டியல்கள் வரும் மக்கா. ஒருவன் வீடியோவைத் திறக்கவே இல்லை, ஒருத்தி நான்கு நிமிடத்தில் முடித்துவிட்டாள் என்று திரையில் சிவப்புப் புள்ளியாகத் தெரியும். அவர்களுக்குப் பெயர் வைக்கச் சொல்லுவார்கள். உன்னால் எல்லார் வீட்டுக்கும் போய்ப் பார்க்க முடியாது, எனக்குத் தெரியும். ஒருவரிடமாவது போன் போட்டுக் கேள். யாராவது தனியாகக் கூப்பிட்டு எண்ணைக் கேட்டால் கொடுக்காதே. கேட்கிறவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் கொடுக்காதே. தவறிக் கொடுத்துவிட்டால் அன்றைக்கே சொல்லிவிடு. ஒரு வாரம் கழித்துச் சொன்ன உண்மை எனக்கு நிம்மதியைத் தந்தது, அபிஷாவுக்கு ஒன்றையும் தரவில்லை. பிறகு, சாப்பாட்டு மேசையில் நீ எதையாவது பார்த்துவிட்டால், அது என் தவறாக இருந்தாலும், பதினைந்து நாள் தனியாகச் சுமக்காதே. என்னிடம் கேள். நான் எழுதித்தான் பதில் சொல்வேன், ஆனாலும் சொல்வேன்.

கமிட்டி ஐந்து பேரின் மதிப்பெண்ணையும் திரும்பக் கொடுத்தது. அடுத்த பருவத்தில் நீயும் ரெஜினும் மற்ற இருவரும் அந்தத் தாளை எழுதித் தேறினீர்கள். அபிஷா வரவில்லை. காப்பியடித்துப் பிடிபட்டவள் என்று எஸ்டேட் குடியிருப்பு முழுக்கப் பேச்சாகி, அவளுடைய அப்பா அதற்கு முன்பே படிப்பை நிறுத்திவிட்டார். கல்லூரியின் கடிதத்தை எடுத்துக்கொண்டு நான் இரண்டு முறை அந்த வீட்டுக்குப் போனேன். இரண்டாம் முறை அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. அவள் இப்போது களியக்காவிளையில் ஒரு துணிக்கடையில் வேலை செய்கிறாள். பட்டத்துக்கு அவளுக்கு இன்னும் ஒரு வருடமும் அந்த ஒரு தாளும் பாக்கி இருக்கின்றன.